சிபில் ஸ்கோர் குறைவாக இருந்தால் வங்கிக் கணக்கு கிடைக்காதா?

கேள்வி: கொரோனா சமயத்தில் வேலை போனதால் கிரெடிட் கார்டு பாக்கி 42,000 ரூபாயைக் கட்ட முடியவில்லை. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் 570-க்கு இறங்கிவிட்டது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். சம்பளக் கணக்கு தொடங்கச் சொல்கிறார்கள். ஸ்கோரைப் பார்த்துவிட்டு வங்கியில் மறுத்துவிடுவார்களா?

பதில்: பயப்படாமல் போங்கள். சேமிப்புக் கணக்கில் வங்கி உங்களுக்குக் கடன் தருவதில்லை, உங்கள் பணத்தைத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் அங்கே முக்கியமாகக் கேட்பது ஆதார், பான், போட்டோ, முகவரி ஆகிய கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும்) விவரங்களைத்தான். சம்பளக் கணக்கும் சேமிப்புக் கணக்கில் ஒரு வகைதான். கடை வைத்து நடப்புக் கணக்கு தொடங்கும்போதுதான் வேறு வங்கிகளில் உள்ள கடன்களையும் பார்ப்பார்கள்.

எனக்குக் கவலை வேறு. அந்தக் கார்டு எந்த வங்கியுடையது? இப்போது கணக்கு தொடங்கச் சொல்வதும் அதே வங்கி என்றால் கொஞ்சம் பொறுங்கள். கார்டுக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், உங்கள் இருப்பிலிருந்தே பாக்கியை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் வங்கிக்கு இருக்கும். சம்பளம் ஏறிய அன்றே கணக்கு முடங்கி, வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாமல் என் எதிரே கண்கலங்கி உட்கார்ந்தவர்கள் உண்டு. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். வேறு வங்கிக் கணக்கு எண் தரலாமா என்று எச்.ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த விண்ணப்பம். டேப்லெட்டை நீட்டி, "இங்க ஒரு டிக் பண்ணுங்க சார்" என்பார்கள். நிறுத்திப் படியுங்கள். கிரெடிட் கார்டு, ஓவர் டிராஃப்ட் (இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் கடன் வசதி) வேண்டும் என்ற கட்டமாக இருந்தால், அந்த டிக்கை வைத்துத்தான் சிபில் அறிக்கையை எடுப்பார்கள். அது 'என்கொயரி', அதாவது நீங்கள் கடன் கேட்டதாகப் பதிவாகும். ஏற்கெனவே குறைந்த ஸ்கோர் இன்னும் கொஞ்சம் இறங்கலாம்.

கணக்கு தொடங்கியபின் பழைய பாக்கிக்கு வாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கி, வங்கி எவ்வளவு பாக்கி காட்டுகிறது என்று பாருங்கள். வட்டி ஏறி 42,000 பல மடங்காகியிருக்கலாம், பேசினால் குறைக்கவும் கூடும். ஆனால் குறைத்துக் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது அந்த ஒரு வார்த்தை குறுக்கே நிற்கும். முடிந்தால் தவணையாகவாவது முழுசாகக் கட்டி, 'க்ளோஸ்டு' என்று மாற்ற வையுங்கள். பாக்கி இல்லை என்று கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் மாறவில்லையா, வங்கியிடமோ அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமோ புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.