செயினை எங்கே மாட்டுவது, எங்கே கழற்றுவது?

ராணுவத்தின் சப்ளைப் பிரிவில் பதினேழு வருடம் லாரி ஓட்டிவிட்டு, இப்போது குடியாத்தத்தில் டிரைவிங் சொல்லிக்கொடுப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு மணாலி போகிறோம். சண்டிகரில் கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டப்போகிறேன். அடல் சுரங்கப்பாதை தாண்டி சிஸ்ஸு கிராமம் வரை போக ஆசை. பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் ஸ்னோ செயினை எந்தச் சக்கரத்தில், எப்போது மாட்ட வேண்டும்? (ஈரோடு வாசகர்)

எந்தச் சக்கரம் என்பது சுலபம். என்ஜின் எதைச் சுற்றுகிறதோ அதில். வாடகைக்குக் கிடைக்கும் சின்ன கார்கள் அநேகமாக முன்சக்கரத்தில் ஓடுபவை, ஆக முன்னால் ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி கிடைத்தால் பின்னாலும் போட்டுவிடுங்கள். ஏற்றத்துக்கு முன் ஜோடி போதும். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வாலை ஆட்டிவிடும். டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்பதுபோல ஓர் அளவு இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும் சார்' என்று யாராவது சொன்னால் அடுத்த கடை.

எப்போது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1993 அக்டோபர் கடைசி, சக்திமான் லாரி, ஸ்ரீநகரிலிருந்து லே போகும் கான்வாய். சோனாமார்க்கில் நல்ல வெயில். பால்தாலில் சமதரையில் வண்டிகளை நிறுத்தி, 'செயினை மாட்டு' என்றார் உஸ்தாத், எங்கள் மூத்தவர். ரோடுதான் காய்ந்து கிடக்கிறதே, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டியதுபோல பாவனை காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்து வரும் சோஜி லா கணவாய் 11,500 அடிக்கு மேல். பாதி ஏற்றத்தில் பனி கொட்டத் தொடங்கியது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. சேற்றுப்பனியில் மண்டியிட்டு, சரிவில் நிற்கும் வண்டிக்குச் செயின் மாட்டினேன். கையுறையோடு கொக்கி பிடிபடவில்லை, கழற்றினால் இரும்பு விரலைக் கடித்தது. சமதரையில் பத்து நிமிட வேலை, அங்கே முக்கால் மணி நேரம். பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. அன்று இரவு உஸ்தாத் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

அதனால், பனி தொடங்குவதற்கு முந்தைய சமதரையில், ரோட்டை விட்டு ஒதுங்கி மாட்டுங்கள். எதிரே இறங்கி வரும் வண்டிகளின் கூரையைப் பாருங்கள், சேதி அங்கேயே இருக்கும். அதற்கு முன்னால் ஹோட்டல் வாசலில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுத்துவிடுங்கள். கொக்கியின் முனை டயரைக் குத்தாமல் வெளியே பார்க்கட்டும். உள்பக்கக் கொக்கிதான் முதலில், அதைக் கையால் தடவித்தான் மாட்ட வேண்டும். அப்புறம் வெளிப்பக்கம். நூறு மீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. தளர்ந்த செயின் மட்கார்டை 'டப் டப்' என்று அடிக்கும். சில சமயம் பிரேக் ஹோஸையே அறுத்துவிடும். சத்தம் கேட்டால் பாட்டை அணைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள்.

மாட்டிய பிறகு 30, மிஞ்சினால் 40 கிலோமீட்டர் வேகம். பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். வெறும் ரோட்டில் செயின் தேய்ந்து அறுந்துபோகும், டயருக்கும் கேடு. அடல் சுரங்கம் 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்ளே பனி கிடையாது. இந்தப் பக்கம் கழற்றி, அந்தப் பக்கம் மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். சுரங்கத்தை விட்டு வெளியே வரும் இடத்தில் கவனம். ரோடு ஈரம்போலப் பளபளக்கும், ஆனால் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்காது. அப்படியென்றால் அது தண்ணீர் இல்லை, கண்ணாடிபோல உறைந்த பனி. பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

இன்னொன்று. உங்கள் வாடகைக் கார் ஒப்பந்தத்தில் செயின் மாட்ட அனுமதி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். பனி கொட்டும் நாளில் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியையும் செயின் போட்ட வண்டியையும் மட்டும்தான் போலீஸ் மேலே விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், அன்றைக்கு மட்டும் மணாலிக்கார டிரைவரோடு ஒரு ஃபோர் வீல் வண்டியைப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

கேள்வி: என்னிடம் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருக்கிறது. அதற்குமா செயின்? (சேலம் வாசகர்)

நாலு சக்கரமும் இழுக்கும், கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு? எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக். அதில் உங்கள் ஜீப்புக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. என் சக்திமானும் நாலு சக்கரம் இழுக்கும் வண்டிதான்.

கேள்வி: ஜனவரியில் ஊட்டி போகிறேன். உறைபனி என்கிறார்கள். செயின் வாங்கவா? (கோவை வாசகர்)

வேண்டாம். அது புல்லின் மேல் படிகிற பனி, வெயில் ஏறினால் போய்விடும். அந்தக் காசில் பிரேக் பேடை மாற்றுங்கள். மலை இறக்கத்துக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: கடுங்குளிரில் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடக் கூடாதாமே? (வேலூர் வாசகர்)

உண்மைதான். ஈரத்தோடு போட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். சோஜி லாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் திராஸில் ஒரு ராத்திரி மறந்துபோய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். காலையில் வண்டி அசையவில்லை. சமையல்கூடத்திலிருந்து ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கி வந்து டிரம்மில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெந்நீரும் சேர்ந்து உறைந்துவிட்டது. பத்து மணி வெயில் வரும்வரை, காலி கெட்டிலோடு வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.