ரெகுலேட்டரைத் தாண்டி அடைப்பு: ஒரு பக்கம் மட்டும் திறக்காதீர்கள்

தம்பி, திருநெல்வேலி கத்தரி வெயிலில் கேஸ் பைப் எப்படி உறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே எவ்வளவு அடித்தாலும், 80 பார் அழுத்தத்தை ரெகுலேட்டரில் 20க்கு இறக்கினால் பத்து பாருக்கு நாலைந்து டிகிரி வீதம் வாயு குளிரும், உள்ளே ஈரமும் இருந்தால் தண்ணீர் மீத்தேனைச் சிறைபிடித்து ஹைட்ரேட் என்கிற பனிக்கட்டி மாதிரிக் கட்டியாகிவிடும், அதற்குப் பூஜ்ஜியம் டிகிரி வரை போகவே வேண்டாம்.

அடைப்புக்குப் பின்பக்கம் மட்டும் வாயுவைத் திறந்துவிடலாமா? கூடவே கூடாது! கட்டி பெயர்ந்து குண்டு மாதிரி பாயும், வளைவில் மோதிக் குழாயே உடையலாம். வேலை அனுமதி (பெர்மிட்) எடுத்து இரு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்தத்தைக் குறையுங்கள். தீ டார்ச் வைத்துச் சூடாக்குகிற யோசனையையும் விடுங்கள். அப்புறம் ரெகுலேட்டருக்கு முன்னால் ஹீட்டர் வேண்டும், ஹைட்ரேட் கட்டாமல் தடுக்க விடுகிற மெத்தனால் தற்காலிகம்தான். புது லைன் என்கிறீர்கள், குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குமா என்று பார்க்கிற ஹைட்ரோ டெஸ்டின் தண்ணீர் சரியாக உலர்த்தப்பட்டதா என்று பாருங்கள், என் சந்தேகம் அங்கேதான்.