கென்ட் கவுன்டி கவுன்சில் ஒரே தேர்தலில் கைமாறியது எப்படி?

1997 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டையாக இருந்த இங்கிலாந்தின் கென்ட் கவுன்டி கவுன்சில் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றம்), 2025 மே தேர்தலில் ரிஃபார்ம் யுகே என்ற வலதுசாரிக் கட்சியின் கைக்குப் போனது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் தேர்தல் முறை. ஒரு தொகுதியில் அதிக வாக்கு வாங்குபவர் ஜெயிப்பார். பாதி வாக்குகூட வேண்டாம். எதிர் வாக்குகள் நான்காகச் சிதறினால் 35 சதவீதமே போதும். இரண்டாவது, 81 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மாறும் கவுன்சில்களில் இப்படிச் சட்டென்று கவிழாது.

பெரும்பான்மைக்கு 41 தேவை. ரிஃபார்ம் 57, லிபரல் டெமாக்ரட் 12, பசுமைக் கட்சி 5, லேபர் 2. ஆண்ட கன்சர்வேட்டிவுக்கு வெறும் 5!

யாருக்கும் 41 கிடைக்காவிட்டால்? கவுன்சில் கலையாது, மறுதேர்தலும் வராது. ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பான்மை இல்லாத கட்சியின் சிறுபான்மை நிர்வாகம்கூட அமையலாம். அப்போது பட்ஜெட் வாக்கெடுப்புதான் உண்மையான சோதனை.