பகல் வெயிலுக்கு ஏற்ற ஆண்கள் சென்ட்: கேள்வி பதில்

வெயில் காலத்தில், பகலில், ஆண்கள் போட்டுக்கொள்ளும் லேசான ஃப்ரெஷ் சென்ட்டுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். இரவு விருந்துக்கான கனமான வாசனைகளை இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

மேலே சிட்ரஸ், அடியில் வெட்டிவேர் இருக்கிற ஒன்றை. வெறும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சீக்கிரம் போய்விடும். அது போன பிறகு தோலில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். வெனிலா, டோங்கா மாதிரி இனிப்பு மிஞ்சினால் உச்சி வெயிலில் திகட்டும். வெட்டிவேர் வறண்ட வாசனை, சூட்டில் இன்னும் அழகாகும். 1959-இல் வந்த, கெர்லான் நிறுவனத்தின் ‘வெட்டிவேர்’ என்ற சென்ட் இன்றும் கிடைக்கிறது. வாசனை வல்லுநர் ழான் க்ளோட் எலெனா 2006-இல் செய்த ‘டெர் தெர்மெஸ்’ சென்ட்டும் அதே வழிதான்: ஆரஞ்சில் தொடங்கி மிளகு, மரம், வெட்டிவேர் என்று இறங்கும். இரண்டிலும் ஈடிடி (ஓ டி டாய்லெட்) என்ற லேசான வகையை எடுங்கள்.

நான் வாங்கிய சிட்ரஸ் சென்ட் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிட்ரஸ் எண்ணெய்களில் பெரும்பங்கு லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. சோப்பிலும் சென்ட்டிலும் வரும் கேலக்ஸோலைடு என்ற மஸ்க்கின் (கஸ்தூரி மாதிரி வாசனைப் பொருள்) எடை 258. லேசான மூலக்கூறு முதலில் பறக்கும், கனமானது தோலில் தங்கும். வெயிலில் தோல் சூடாக இருப்பதால் பறப்பது இன்னும் வேகமாகும். மூக்குக்கு ‘பளிச்’ என்று தெரிவதற்குக் காரணமே அது வேகமாகப் பறந்து மூக்கை எட்டுவதுதான். அதே வேகத்தில் தீர்ந்தும் போகிறது.

எட்டு மணி நேரம் நிற்கும் ஃப்ரெஷ் சென்ட் என்று விற்கிறார்களே என்பீர்கள். எட்டாவது மணி நேரத்தில் அங்கே எலுமிச்சை இருக்காது. மஸ்க், ஆம்ப்ராக்ஸான், ஐசோ ஈ சூப்பர் போன்ற கனமான வாசனைப் பொருட்கள்தான் இருக்கும். அந்த வாசனை பிடித்திருந்தால் சரி. எலுமிச்சைதான் வேண்டும் என்றால், 5 அல்லது 10 மில்லி கொள்ளும் சிறிய ஸ்ப்ரே புட்டியில் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மதியம் ஒருமுறை திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு வேறு வழி கிடையாது.

அந்தச் சிறிய புட்டியைக் காரிலேயே வைத்துவிடலாமா?

கூடவே கூடாது. வெயிலில் நிற்கும் கார் அடுப்பாகிவிடும். சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், தீப்பற்றக்கூடியது. அதோடு லிமோனீன் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களாக மாறும். வாசனையும் கெட்டு, வார்னிஷ் நெடி அடிக்கும். பாட்டிலை இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

ஈடிபி (ஓ டி பர்ஃபம்) வாங்கினால் ஈடிடியைவிட நல்லதுதானே?

எப்போதும் இல்லை. வாசனைக் கலவையின் அளவு பொதுவாக கொலோன் என்ற மிக லேசான வகையில் 2 முதல் 5 சதவீதம், ஈடிடியில் 5 முதல் 15, ஈடிபியில் 15 முதல் 20 என்பார்கள். ஆனால் ஒரே பெயரில் வரும் ஈடிபி பல நேரங்களில் அதே கலவை கூடுதலாக ஊற்றியது அல்ல. சிட்ரஸைக் குறைத்து, மரத்தையும் இனிப்பையும் ஏற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். பகல் வெயிலுக்கு ஈடிடி அல்லது கொலோன் போதும்.

பெண்கள் போடலாமா?

தாராளமாக.

கடையில் வாங்குவதெல்லாம் கெமிக்கல். நான் சுத்தமான பெர்கமாட் (ஒரு வகை சிட்ரஸ் பழம்) எண்ணெயை அப்படியே கழுத்தில் தடவிக்கொண்டுதான் வெளியே போகிறேன். இயற்கையானது, ஆபத்தில்லாதது. எல்லோருக்கும் இதையே சொல்லுங்களேன்.

தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். பழத் தோலைப் பிழிந்து எடுக்கும் பெர்கமாட் எண்ணெயில் பெர்கப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது நம் தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் சிவக்கும், கொப்புளம் வரும், பிறகு பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் ஐஎஃப்ஆர்ஏ என்ற சர்வதேச வாசனைப் பொருள் அமைப்பு, தோலில் தங்கும் பொருட்களில் இந்த எண்ணெய்க்கு 0.4 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் தடவுவது நூறு சதவீதம். பிழிந்து எடுத்த லைம் எண்ணெய்க்கும் எலுமிச்சை எண்ணெய்க்கும் இதே சிக்கல் உண்டு. பெர்கப்டென் நீக்கிய பெர்கமாட் தனியாகக் கிடைக்கிறது. கடை சென்ட்டுகளில் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள்.

அதே நண்பர்: அந்தக் காலத்துக் கொலோனில் எல்லாம் இயற்கை எண்ணெய்தானே இருந்தது? யார் செத்தார்கள்?

யாரும் சாகவில்லை, கழுத்தில் கறை வந்தது. கொலோன் போட்டவர்களின் கழுத்தில் சொட்டு வடிந்தது போல வரும் அந்தக் கறைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: பெர்லோக் டெர்மடைட்டிஸ். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் 1709-இல் தொடங்கிய அந்தக் கொலோன் மரபை நான் மிகவும் மதிக்கிறேன். மரபை மதிப்பதற்காகத் தோலைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

வேறொருவர்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செயற்கைப் பொருள் வந்த பிறகுதான் எல்லா ஆண்கள் சென்ட்டும் ஒரே மாதிரி சோப்புத்தூள் நாற்றம் அடிக்கிறது.

பாதி சரி. நீங்கள் சொல்லும் அந்த நெடி டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருளுடையது. லைமும் லாவண்டரும் கலந்த, துவைத்த துணி வாசனை. சோப்புத்தூளிலும் அதே பொருள் இருப்பதால்தான் உங்களுக்கு அந்த நினைவு வருகிறது. 1982-இல் வந்த டிராக்கர் நுவார் என்ற சென்ட்டில் அதை நிறையப் போட்டார்கள். 1988-இல் பியர் பூர்தோன் செய்த டேவிடாஃப் கூல் வாட்டர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு வந்த நூற்றுக்கணக்கான நகல்களில் எனக்கும் ஈடுபாடு இல்லை. அது நகல் எடுத்தவர்களின் சோம்பேறித்தனம், மூலக்கூறின் குற்றம் அல்ல.

இந்தப் பொருட்கள் இல்லாமல் நாம் ‘ஃப்ரெஷ்’ என்று சொல்வதில் பாதி பிறந்தே இருக்காது. கடற்காற்று வாசனைக்கு எந்த மரத்தைப் பிழிவீர்கள்? அந்த வாசனை தரும் கலோன் என்ற மூலக்கூறை (கொலோன் வேறு, இது வேறு) ஃபைசர் மருந்து நிறுவனம் 1966-இல் கண்டுபிடித்தது. 1988-இல் அராமிஸின் நியூ வெஸ்ட், 1996-இல் அக்வா டி ஜியோ என்று அது ஆண்கள் சென்ட்டுக்குள் கடலைக் கொண்டுவந்தது. அதே 1966-இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காக ஓ சோவாஜ் என்ற சென்ட்டைச் செய்தார். எலுமிச்சைக்கு அடியில் அவர் வைத்த ஹெடியோன் என்ற பொருள், மல்லிகையின் வாசனையை ஆராயப் போன வேதியியலாளர்கள் உண்டாக்கியது. அந்த எலுமிச்சைக்குள் காற்றோட்டமும் வெளிச்சமும் வந்தது அதனால்தான். என்னைக் கேட்டால், பகல் நேர சென்ட்டில் ஓ சோவாஜைவிட அழகான ஒன்று இன்னும் வரவில்லை.

முதல் நண்பர்: என்ன சொன்னாலும் இயற்கைக்கு ஒவ்வாமை வராது.

வரும். லிமோனீன், லினலூல் இரண்டும் செடியிலேயே இருப்பவை. இரண்டுமே காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை உண்டாக்கும். இந்த இயற்கை, செயற்கை கோடும் நீங்கள் நினைப்பது போல நேராக இல்லை. திமிங்கலத்திலிருந்து வந்த ஆம்பர்கிரிஸ் வாசனைக்கு மாற்றான ஆம்ப்ராக்ஸானை கிளாரி சேஜ் செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளேரியாலை வைத்துச் செய்கிறார்கள். அது எந்தப் பக்கம்? வாதம் போதும். பெர்கமாட்டைத் தடவியே தீருவேன் என்றால் சட்டைக்குள், வெயில் படாத இடத்தில் தடவுங்கள். அதையும் நீர்க்கச் செய்து.

சிட்ரஸ் சென்ட் எவ்வளவு நேரம் நிற்கும்?

இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

அரை மணியில் எனக்கே வாசனை தெரிவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் தெரிகிறது என்கிறார்கள். இன்னும் இரண்டு ஸ்ப்ரே போடட்டுமா?

வேண்டாம். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். ஐசோ ஈ சூப்பர், சில மஸ்க் வகைகள் சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியாது. உங்களை நம்பாதீர்கள், பக்கத்தில் இருப்பவரை நம்புங்கள். வெயிலில் இரண்டு, மூன்று ஸ்ப்ரே போதும். மூக்குக்கு நேர் கீழே கழுத்தில் அடிக்காமல் மார்பிலோ கழுத்தின் பின்புறத்திலோ அடித்தால் மூக்கு இவ்வளவு சீக்கிரம் பழகாது.

சென்ட் போட்டும் வியர்வை நாற்றம் போகவில்லை.

போகாது. புதிய வியர்வைக்கு அநேகமாக வாசனையே இல்லை, அதைத் தின்னும் பாக்டீரியாதான் காரணம். குளித்துவிட்டு, வாசனை இல்லாத டியோடரன்ட் போட்டு, பிறகு சென்ட்.

கழுத்தில் அரிக்கிறது, சிவந்திருக்கிறது. எந்த சென்ட்டுக்கு மாறலாம்?

எதற்கும் மாற வேண்டாம். தோல் மருத்துவரிடம் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நீண்ட நேரம் நிற்கும் எலுமிச்சை சென்ட் ஒன்று சொல்லுங்கள்.

மீண்டும் இரண்டாவது பதில். காரில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்கப் போகிறவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வைக்காதீர்கள்.

கடையில் முகர்ந்தபோது பிடித்தது, வெளியே வந்ததும் பிடிக்கவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையில் குளிர்சாதனம் இருக்கும், காகிதப் பட்டைக்குச் சூடு கிடையாது. நீங்கள் முகர்ந்தது முதல் ஐந்து நிமிட சிட்ரஸை மட்டும். ஒரு நாளைக்கு ஒரே சென்ட், முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ஸ்ப்ரே. தேய்க்காதீர்கள், தேய்த்தால் சூடேறி மேல் வாசனை இன்னும் சீக்கிரம் போய்விடும். சட்டைக் கையால் அதை மூடிக்கொண்டு மதிய வெயிலில் நடங்கள். மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால், முதலில் சிறிய பாட்டிலாக வாங்குங்கள்.