கால்பந்தும் அரை விரலும் – கடிதம்

வணக்கம் ஐயா,

சொந்த ஊர் குளச்சல், வேலை பெங்களூருவில். 2008-இல், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, மாஸ்கோ மழையில் எதிரணி செல்சியின் டெர்ரி வழுக்கி விழுந்து பெனால்டியைத் தவறவிட்ட இரவில் நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனானேன். அதன்பின் எத்தனையோ இரவுகள் தூங்காமல் ஆட்டம் பார்த்திருக்கிறேன். இப்போது முதல் பாதி முடியும் முன்பே கைபேசியை எடுத்துவிடுகிறேன். கோல் விழுந்தாலும் கத்துவதில்லை. வி.ஏ.ஆர். என்னும் காணொளி நடுவர் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். எங்கும் பணம். எல்லா அணிகளும் ஒரே மாதிரி பந்தைப் பின்னால் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2026 உலகக்கோப்பைக்கு 48 அணிகளாம். இங்கே ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் 2025 டிசம்பர் வந்தும் தொடங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது கோயில் மைதானத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடந்தது. பத்து நிமிடம் நின்றேன். தரமே இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். விளையாட்டு மாறிவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?

எஸ்., குளச்சல்

அன்புள்ள எஸ்.,

முப்பத்தோரு வயதில் யாருக்கும் வயதாகிவிடுவதில்லை. அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம்.

விளையாட்டைப் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ஊரில் இருந்தேன். என் தாய்மாமாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, கோயில் முற்றத்தில் ஒரு முதியவரோடு ஆஃப்சைட் விதி பற்றி ஒரு மணி நேரம் வழக்காடிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், உங்கள் கடிதம். அதனால்தான் எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் உங்கள் சோர்வுக்கு அது காரணமல்ல. 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை விலைக்கு வாங்கியது. வாங்கிய கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. நீங்கள் ரசிகரானது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. அன்றைக்கு உறுத்தாத பணம் இன்றைக்கு உறுத்துகிறது என்றால் வேறெதுவோ உங்களிடமிருந்து போயிருக்கிறது. அது இருந்த இடம் காலியானதால் பணம் கண்ணுக்குத் தெரிகிறது.

48 அணிகளைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவு தகுதி பெற்றிருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் ஒன்றரை லட்சம் பேர், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது. பந்தைப் பின்னால் தட்டும் நோய்க்கு யாராவது மருந்து கண்டுபிடிப்பார்கள். சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தட்டும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக்கூடாது என்று 1992-இல் சட்டம் வந்ததும் இப்படி ஒரு சலிப்பு முற்றியதால்தான்.

கோல் விழுந்தாலும் கத்தாமல் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

1991 ஜனவரி. தூத்தூர் வட்டாரத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவை ஒட்டி நடந்த போட்டியின் இறுதி ஆட்டம். ஏ.வி.எம். கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்தான் மைதானம். இன்று அதில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணலில் பந்து எழும்பாது. அதனால் எங்கள் ஆட்கள் பந்தைத் தரையில் விடாமல் நெஞ்சிலும் தொடையிலும் வாங்கி ஆடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கரைமடியின் கிழிந்த ஓரத்து வலையைக் கட்டியிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வலைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது வலது ஓரத்திலிருந்து பந்து வந்தது. மாமா நெஞ்சில் வாங்கினார், மணலைத் தொடும் முன் அடித்தார். பந்து வலைக் கண்ணியில் போய்ச் சிக்கி, என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் பாதி பிதுங்கிக்கொண்டு நின்றது. நான் கத்தினேன். ஊரே கத்தியது. அதன் பிறகுதான் விசில் காதில் விழுந்தது.

நடுவர் பக்கத்து ஊர்ப் பள்ளியின் டிரில் மாஸ்டர். கையை உயர்த்தியபடி அசையாமல் நின்றார். ஆஃப்சைட். பந்து தட்டப்படும்போது எதிரணியின் பின்வரிசைக்கு அப்பால் நிற்பவர் அடித்த கோல் செல்லாது. ஊர் அவரைச் சுற்றி வளைத்தது. உயர்த்திய கையை அவர் இறக்கவில்லை. பெனால்டியில் தோற்றோம். அன்றிரவு அவரைப் பங்குத்தந்தையின் வீட்டில் தங்கவைத்தார்கள். விடிந்ததும் பஸ் ஏறிப் போயிருக்கலாம். அவரோ நேரே கடப்புறத்துக்கு வந்தார். சாளை ஏலம் நடந்துகொண்டிருந்தது.

மாமா எதுவும் பேசவில்லை. குவியலிலிருந்து ஐந்து சாளைகளை எடுத்தார். நான்கை ஈர மணலில் குறுக்காக, தலைகள் கடலைப் பார்க்க, வரிசையாக வைத்தார். எதிரணியின் பேக்குகள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள். ஐந்தாவது மீனை அதே வரிசையில் வைத்து, “இது நான்” என்றார். அவர் கட்டைவிரலில் செதில் மின்னியது. மாஸ்டர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குந்தினார். நெடுநேரம் பார்த்தார். “நேர் வரிசையில் நின்றாலும் ஆஃப்சைட்தான்” என்றார்.

அவர் படித்த சட்டப்படி அது சரி. பந்து தட்டப்படும் நொடியில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேராக நிற்பவரும் ஆஃப்சைட் என்றுதான் அதுவரை இருந்தது. ஆனால் 1990-இல் அதைத் திருத்திவிட்டார்கள். நேராக நின்றால் குற்றமில்லை. மாமா சில மாதங்கள் தேடி அந்தச் செய்தி வந்த மலையாளப் பத்திரிகைத் துணுக்கைக் கண்டுபிடித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்டர் மீன் வாங்க வந்த அன்று மறுபடியும் ஐந்து சாளைகள், மறுபடியும் அதே வரிசை. மாஸ்டர் துணுக்கை இரண்டு முறை வாசித்தார். “நேர் வரிசை என்றால் நீ சொல்வது சரி” என்றார். பிறகு குனிந்து, மாமாவான அந்த மீனைச் சுண்டுவிரலால் அரை விரல் அளவு முன்னே தள்ளினார். “ஆனால் நீ இங்கே நின்றாய்.”

34 ஆண்டுகள் அந்த அரை விரலுக்காகச் சண்டை போட்டார்கள். நித்திரவிளை பஸ் நிறுத்தத்தில், ஏலத்தில், கோயில் வாசலில். மாமா கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர், ஒரு மாதம், நாற்பது நாள் கழித்து ஊருக்கு வந்தால் முதலில் மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். மாஸ்டரின் மகள் திருமணத்துக்குக் கொச்சியிலிருந்து ஐஸ் பெட்டியில் நெய்மீன் கொண்டுவந்து இறக்கியவர் மாமாதான். பந்தியில் உட்கார்ந்ததும், “இன்றைக்காவது சொல்லுங்கள் சார்” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிராமலே, “ஆஃப்சைட்” என்றார்.

போன ஜனவரியில் மாமா இறந்தார். மாஸ்டர் கைத்தடியோடு வந்து பெட்டியருகே நின்றார். பிறகு என் கையைப் பிடித்து, “நல்ல ஆட்டக்காரன் மக்களே. ஆனால் அது ஆஃப்சைட்தான்” என்று சொல்லிவிட்டு அழுதார். இந்த வருடம் கோயில் முற்றத்தில் நான் மாமாவின் பக்கம் நின்று வாதாடினேன். மாஸ்டர் தடியால் தரையில் கோடு போட்டு எனக்கு விளக்கினார்.

2018 உலகக்கோப்பையில் வி.ஏ.ஆர். வந்தது. 2022-இல் கத்தாரில், கூரையடியில் பொருத்திய கேமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கையையும் காலையும் நொடிக்கு 50 முறை அளந்து ஆஃப்சைட் சொன்னன. அப்படி ஒன்று எங்கள் மணலில் இருந்திருந்தால் அந்த அரை விரல் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேமரா உண்மையைத்தான் சொல்லியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு மாமா யாரிடம் போயிருப்பார்? எந்தக் கடப்புறத்தில் குந்தி, யார் முன்னால் சாளையை அடுக்கியிருப்பார்?

நீதி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கோடிகள் புரளும் இடத்தில் அளந்துதான் கொடுக்க வேண்டும், அளக்கட்டும். ஆனால் நீங்கள் பெங்களூரு அறையில் உட்கார்ந்து, திரையில் அவர்கள் கோடு வரைந்து முடியும்வரை காத்திருக்கிறீர்களே, அந்தத் தீர்ப்பு சரியோ தவறோ, மறுநாள் காலையில் நீங்கள் யார் முகத்தில் விழிக்க வேண்டும்? யாரும் இல்லை. எல்லா ஆட்டமும் உங்களுக்கு இறுதி விசிலோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய இடத்துக்கு வருகிறேன். பத்து நிமிடம் நின்றேன், தரமே இல்லை, வந்துவிட்டேன். தம்பி, எந்தத் தரத்தைப் பேசுகிறீர்கள்? இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் ரெஜினும் போய்த்தான் சென்னை சிட்டி அணிக்கு ஆடினார்கள். சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடினார். அவர் 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் விழுந்தபோது எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு மனம் கனத்தது. நீங்கள் பத்து நிமிடம் நின்ற மைதானத்தைப் போன்ற ஒன்றில்தான் அவர்களும் பந்தை வாங்கப் பழகினார்கள். அன்றும் யாராவது வேலி ஓரத்தில் நின்று, தரமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்.

நீங்கள் கொண்டாடும் மான்செஸ்டரிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். கிளேசர் குடும்பம் வாங்கிய அதே 2005-இல், மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஓர் அணியைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் அடித்தட்டு லீக் ஒன்றில் ஆடினார்கள். ரூனியையும் ரொனால்டோவையும் விட்டுவிட்டு, பகலில் வேறு வேலை செய்பவர்களின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2015-இல், சொந்த மைதானமும் கட்டினார்கள். தரம் தெரியாதவர்களா அவர்கள்? யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் வளர்ந்தவர்கள்! 2021 ஏப்ரலில் 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்று தனியே பிரிந்து போகப் பார்த்தபோதும், ரசிகர்கள் கொதித்தெழ, இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகள் பின்வாங்க வேண்டியதாயிற்று. மே 2-ஆம் தேதி ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் நுழைந்தார்கள், லிவர்பூலோடு அன்றைக்கு நடக்க வேண்டிய ஆட்டமே தள்ளிப்போயிற்று. அவர்களால் அது முடிந்தது, ஏனென்றால் அந்த வாசல் அவர்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. உங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் எந்த வாசல் இருக்கிறது?

ஐரோப்பிய ஆட்டத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. 1990-இல் ஆனி மாதம், கடல் கொந்தளித்து கட்டுமரங்களெல்லாம் கரையில் கிடக்க, ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்து மாரடோனாவைப் பார்த்தவன் நான். உலகக்கோப்பை ஜூன் ஜூலையில் வருவது எங்கள் கரைக்கென்றே குறித்த நாள் போல. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு ஆட்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். 2022-இல் கத்தார் வெயிலுக்காக அதை நவம்பருக்குத் தள்ளினார்கள். எங்களில் பலர் அப்போது நடுக்கடலில் கிடந்தார்கள். 2026 உலகக்கோப்பைக்கு மறுபடியும் ஜூனையே குறித்தார்கள். எங்கள் ஊரில் இப்போதே அர்ஜென்டினாக்காரர்களும் பிரேசில்காரர்களும் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்குச் சலிப்பு இல்லை. தோற்றவன் மறுநாள் ஜெயித்தவனோடு உட்கார்ந்து ஒரே வலையைப் பின்ன வேண்டும்.

ஐ.எஸ்.எல். பற்றிக் கேட்டீர்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது, புதியதைச் சரியான நேரத்தில் எழுதிக்கொள்ளவில்லை, ஆட்டக்காரர்கள் சம்பளம் வருமா என்று காத்திருந்தார்கள். வெட்கக்கேடு. வேறென்ன சொல்ல.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 2008-இல் மாஸ்கோவில் யார் எந்தப் பெனால்டியைத் தவறவிட்டார், அப்போது மழை பெய்ததா என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு உங்கள் கோயில் மைதானத்தில் நடந்த போட்டியில் யார் யார் ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். கடைசி கோல் எப்படி விழுந்தது என்பதையும், அதில் தகராறு ஏதாவது இருந்ததா என்பதையும் சேர்த்து.