ஓடையும் நோட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு ஓடை போகிறது. பன்னிரண்டு பேர் வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கிச் சுத்தம் செய்தோம். மூன்றாவது வாரம் பழையபடி குப்பை. நான் சிறுகதை எழுதுகிறவள். எழுத்தை ஓரம் வைத்துவிட்டு இதில் முழுசாக இறங்கலாமா, இதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு எழுதப் போகலாமா என்று குழப்பமாக இருக்கிறது.

க., குன்னூர்

அன்புள்ள க.,

எழுத்தை ஓரம் வைக்காதீர்கள். அள்ளுவதற்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை. மூன்றாவது வாரக் குப்பை எங்கிருந்து வந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இல்லையே.

நான்கு வாரம் ஒன்றையும் அள்ளாமல் நடந்து பாருங்கள். அரை கிலோமீட்டர் போதும். ஒரே கிழமை, ஒரே நேரம். குழாயோ சாக்கடையோ ஓடையில் சேரும் ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்து ஒரு நோட்டில் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கல்லின்மேல் நின்று படம் எடுங்கள். சாம்பல் நிறத்தில் நுரையோடு வந்தால் துவைத்த தண்ணீர். கறுத்து நாறினால் செப்டிக் டேங்க். மாதிரிக்கு ஒரு பை குப்பையை மட்டும் எடுத்துப் பிரித்துக் கொக்கித் தராசில் எடை போடுங்கள். பாக்குமட்டைத் தட்டும் பிரியாணி டப்பாவும் அதிகம் என்றால் மேலே வண்டி நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். முடிச்சுப் போட்ட பையில் காய்கறித் தோலும் டயப்பரும் என்றால் வீட்டுக் குப்பை.

வீட்டுக் குப்பை என்று தெரிந்ததும் விழிப்புணர்வுப் பலகை வைக்கக் கிளம்பிவிடுவார்கள். மலையூரில் பல நேரம் சிக்கல் படிக்கட்டில்தான் இருக்கிறது. குப்பை வண்டி ரோட்டில் நிற்கும், வீடு அறுபது படி கீழே இருக்கும். வண்டி வரும் நேரத்தில் தேயிலை பறிக்கப் போனவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். ராத்திரியே மேலே கொண்டுபோய் வைத்தால் கரடியோ காட்டுப்பன்றியோ கிழித்துப்போடும். மிச்சம் இருப்பது ஓடை. வண்டி வரும் மணி, அப்போது பூட்டிக்கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கை, இரண்டையும் நான்கு வாரம் குறித்துக்கொண்டு போய் நகராட்சியில் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரர்களின் பெயரை மட்டும் எழுதவேண்டாம். அந்தப் படிக்கட்டு வீடுகளிலிருந்து இரண்டு பேராவது குழுவுக்கு வரவேண்டும். குற்றவாளிப் பட்டியலில் இருப்பவர் எப்படி வருவார்?

மனு எழுதுவது உங்கள் வேலை. 'ஓடை கண்ணீர் வடிக்கிறது' என்று தொடங்கும் மனு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். (சிறுகதையிலும் அந்த வரி வேண்டாம்.) வார்டு, பிளாக், நகர சர்வே எண், நீளம் எத்தனை மீட்டர், உங்கள் நோட்டில் அந்த இடத்தின் எண், இரண்டு படம், ஒரே ஒரு கோரிக்கை. குப்பைக்கு ஒரு மனு, கழிவுநீருக்கு வேறொரு மனு. சேர்த்து எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததைக் கைகாட்டும். ஊட்டி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம். 'ஏன் நடவடிக்கை இல்லை?' என்று கேட்டால், காரணம் சொல்வது தகவலில் சேராது என்று திருப்பிவிடுவார்கள். இந்த எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மறுபடி அள்ளும்போது முதலில் வண்டியை உறுதி செய்யுங்கள். மூட்டை கட்டிக் கரையில் வைத்துவிட்டு வந்தால் ஐப்பசி மழை ஒரே இரவில் எல்லாவற்றையும் ஓடைக்குள் தள்ளிவிடும். ஊசியும் கண்ணாடியும் கிடக்கும். மெல்லிய கையுறை போதாது. கரையிலிருக்கும் பச்சையை வழிக்காதீர்கள், பெரணியும் கோரையும்தான் மண்ணைப் பிடித்திருக்கின்றன. களையாகப் பரவும் உண்ணிச்செடியை எடுப்பதானால் தரைக்குமேல் வெட்டினால் நாலாய்த் தழைக்கும். மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் வேரை வெட்டி, தலைகீழாகக் காயவிடவேண்டும். மழைக்காலத்தில் சரிவில் அதையும் தொடவேண்டாம், மண் சேர்ந்து வந்துவிடும். நாவல், விக்கி மரக்கன்றுகளை நடுவதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம். திறந்த வெளியில் நட்ட கன்றை உறைபனி கருக்கிவிடும், நிழல் இருக்கும் இடம் எது என்பதை முதலில் நோட்டில் குறித்து வையுங்கள்.

நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். மூடுபனியில் மை ஊறிவிடும்.