ஸ்டெப் டவுன் ரெகுலேட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மின்வெட்டு நேரத்தில் பிள்ளைகள் படிக்க, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 5 வோல்ட் எல்இடி விளக்கு வைத்திருக்கிறேன். அரை ஆம்பியர் இழுக்கிறது. 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்க நடுவில் போட்ட 7805 ரெகுலேட்டர் ஐசி கைவைக்க முடியாமல் சுடுகிறது. விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஐசி போலியா?
– வாசகர், ரங்கூன்

பதில்: ஐசி மேல் குற்றமில்லை. மிச்சமுள்ள 7 வோல்ட்டை 7805 வெப்பமாகத்தான் கழிக்கும். அரை ஆம்பியருக்கு அது 3.5 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி சூடேறும் என்பதால், உள்ளேயுள்ள வெப்பக் காப்பு ஐசியை நிறுத்துகிறது. ஆறியதும் மறுபடி திறக்கிறது.

அதற்குப் பதிலாக எல்எம்2596 ஐசி உள்ள ஸ்டெப் டவுன் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும்) மாட்யூல் போடுங்கள். நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து, சுருளையும் கெப்பாசிட்டரையும் வைத்துச் சமன் செய்வதால் வீண் குறைவு. பேட்டரியிலிருந்து சுமார் 0.26 ஆம்பியர்தான் போகும். பேட்டரியைப் பாதிவரை மட்டும் இறக்கினால் 7805-இல் 7 மணி நேரம் எரியும் விளக்கு, இதில் 13 மணி நேரம் எரியும்.

விளக்கை இணைக்கும் முன் வோல்ட்டேஜைச் சரிசெய்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும். இதில் காப்பு டயோடு கிடையாது. அவுட் பக்கம் மீட்டரை வைத்து, மாட்யூலில் உள்ள நீலப் பெட்டியின் (வோல்ட்டேஜை மாற்றும் ட்ரிம்மர்) பித்தளை ஸ்குரூவை இடப்பக்கம் திருப்புங்கள். பத்துச் சுற்று வரை மீட்டர் அசையாமலே இருக்கலாம், விடாமல் திருப்புங்கள். 5.0 வந்ததும் விளக்கை இணைத்து இன்னொரு முறை அளந்துவிட்டு, ஸ்குரூ மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி இறங்க இறங்க மாட்யூல் இன்னும் அதிக ஆம்பியர் இழுத்து 5 வோல்ட்டைக் காப்பாற்றும். விளக்கு மங்காது, பேட்டரிதான் கெடும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அணைத்துவிடுங்கள். சுவிட்ச் மாட்யூலுக்கு முன்னால் இருக்கட்டும். சும்மா இருக்கும்போதும் அது சில மில்லி ஆம்பியர் குடிக்கும்.

கேள்வி: இதே மாட்யூல் எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. மழைக்காலத்தில் ஒருநாள் இணைத்திருந்த போர்டு கருகிவிட்டது. இப்போது அவுட்டில் 12 வோல்ட் காட்டுகிறது.
– வாசகர், மோல்மீன்

பதில்: பெரும்பாலும் அந்த நீல ட்ரிம்மர்தான். உங்கள் ஊர் ஈரம் உள்ளே புகுந்து தொடுமுனையைத் துருப்பிடிக்க வைத்தால் இணைப்பு விட்டுப்போகும். அப்போது ஐசியின் 4-ஆவது காலுக்கு வெளிவோல்ட்டேஜ் பற்றிய தகவல் வராது. ‘வோல்ட்டேஜ் போதவில்லை’ என்று எடுத்துக்கொண்டு ஐசி முழுவதும் திறந்துவிடும். 12 வோல்ட் நேராகப் போர்டுக்குப் போகிறது.

மின்சாரத்தை நிறுத்தி, போர்டைக் கழற்றிவிட்டு, அவுட் பிளஸுக்கும் 4-ஆவது காலுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். மிக அதிகமாகவோ முடிவில்லாமலோ காட்டினால் ட்ரிம்மர் போய்விட்டது. சுமார் 1000 ஓம் காட்டியும் 12 வோல்ட் வந்தால் ஐசியே ஷார்ட். அந்த மாட்யூலை இனி நம்ப வேண்டாம்.

ட்ரிம்மர் என்றால் அதைக் கழற்றி, அதே இரண்டு புள்ளிகளில் சாதாரண ரெசிஸ்டரைச் சாலிடர் செய்யுங்கள். 4-ஆவது காலிலிருந்து மைனஸுக்குப் போகும் ரெசிஸ்டர் பல மாட்யூல்களில் 330 ஓம், உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். 330-க்கு 1 கிலோ ஓம் போட்டால், 1.23 × (1 + 1000 ÷ 330) = 4.96 வோல்ட் (1.23 என்பது 4-ஆவது காலில் ஐசி நிலைநிறுத்தும் வோல்ட்டேஜ்). நிரந்தரமாக ஓடும் எதற்கும் இப்படி மாற்றிவிடுவதே நல்லது. ஒரு ரெசிஸ்டரின் விலையில் ஒரு போர்டு பிழைக்கும்.

கேள்வி: இதே மாட்யூலில் இணைத்த இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் போர்டு), வைஃபை தொடங்கியதும் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. மீட்டரில் 5 வோல்ட் சரியாகவே இருக்கிறது.
– வாசகர், தட்டோன்

பதில்: வைஃபை அனுப்பும் கணத்தில் கரண்ட் சட்டென ஏறி, மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் விழுகிறது. அவ்வளவு வேகமான சரிவை மீட்டர் காட்டாது. தடித்த ஒயராக, ஒரு சாணுக்குள் வைத்து, இஎஸ்பி32-இன் 5 வோல்ட் முனையிலேயே 470 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டரைப் போடுங்கள். மாட்யூல் பக்கத்தில் போட்டால் பலன் குறைவு.